கொம்பு ஒன்று காணாமல் போன மலை

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். சின்ன ரகரமும் பெரிய றகரமும் என் கையில் இடம் மாறிப் போகும். பத்திரிகையில் இந்தத் தொடர் இதுவரை வந்த வாரங்களில் அச்சுக் கோக்கிறவர் எப்படியோ சரிசெய்து போட்டிருக்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது. இந்த வாரம் அவருக்குக் கூடுதல் சிரமம் இருக்கும்.

நான் கோர்ஃபக்கான் மலையைத் தாண்டி துபாய்க்கு வந்ததை ஒரு வாரம் ஏதோ பேச்சுவாக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டார். அந்த மலையிடம் நீங்கள் கற்ற மனவலிமையை வாசகர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். கடிதத்தை நான் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மலை மனிதனுக்குப் பாடம் நடத்தும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் பார்த்த மலை எங்களை ஏமாற்றத்தான் பார்த்தது. குறைந்தபட்சம் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தோம்.

உச்சி வெயில்

நாங்கள் மூன்று பேர் வறண்ட ஆற்றுப் பள்ளத்தில் நடந்துகொண்டிருந்தோம். இங்கே அதை வாதி என்கிறார்கள். ஆறு என்றால் பெயருக்குத்தான். தண்ணீர் இருந்த இடமெல்லாம் கூழாங்கல். மிதித்தால் உருண்டது, உருண்டால் கணுக்கால் மடங்கியது. இரண்டு பக்கமும் கருகின ரொட்டி நிறத்தில் மலை. ஒரு பச்சை இலை கிடையாது. கல்லிலிருந்து கிளம்பிய சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலைப் பிடித்தது.

முன்னால் போன சீனி காக்கா சட்டென்று நின்றார். கையை நெற்றியில் வைத்து மேற்கே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"தம்பி, மலையப் பாரு. ஒரு கொம்பக் காணோம்."

பார்த்தேன். காலையில் கடலில் இருந்து பார்த்தபோது இரண்டு சிகரம் கொம்பு மாதிரி முளைத்து நின்ற மலை, இப்போது ஒற்றைக் கொம்போடு நின்றது. என் தோளில் இருந்த தண்ணீர் கேன் அந்த நிமிஷத்தில் இன்னும் கொஞ்சம் லேசானது போல் எனக்குப் பட்டது.

காக்காவைப் பற்றி

காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். சீனி காக்கா என்பது அவருடைய உண்மையான பெயர் அல்ல. பெயரை மாற்றாமல் எழுதினால் என்னோடு ஒரே ரூமில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரன் எதற்காக இதையெல்லாம் கேட்கிறான், யார் அவனைக் கேட்கச் சொன்னது என்பது அவருடைய கேள்வி. இத்தனை நாள் இந்த அத்தியாயம் எழுதப்படாமல் கிடந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

கீழக்கரைப் பக்கம் எனக்குப் பக்கத்துத் தெரு அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். யாரையும் நம்ப மாட்டார். டீக்கடையில் தன் கண்ணெதிரே கிளாஸைக் கழுவினால்தான் குடிப்பார். தாள் எதுவும் இல்லாமல் லாஞ்சு என்கிற சரக்குப் படகில் வந்த நாட்களில் செருப்பைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தூங்கினார். கடல் நடுவில் செருப்பைத் திருடியவன் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவான் என்று ஒருவன் கேலி செய்தான். காக்கா அன்றிலிருந்து அவனைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்தார்.

நான் அப்படிச் சத்தமாகச் சந்தேகப்படுகிறவன் இல்லை. எனக்குப் பேசவே கூச்சம். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் வாயைத் திறக்காதவனுக்குச் சந்தேகம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்போது எனக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு தடவை ஏமாந்தால் எழுந்திருக்க முடியாத வயது அது.

மூன்றாவது ஆள்

எங்கள் சந்தேகம் முழுக்கப் பால்ராஜ் மேல் இருந்தது.

அவன் நாகர்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர்க்காரன். லாஞ்சில் கடைசி ஆளாக வந்து ஏறியவன். ஏறின அன்றைக்கே லாஞ்சுக்காரர்களோடு மலையாளத்தில் சிரித்துப் பேசினான். எங்களுக்கெல்லாம் வெயிலில் இடம் கிடைத்தபோது அவனுக்குப் பாய்மர நிழலில் கிடைத்தது. எங்கள் காலில் ரப்பர் செருப்பு. அவன் காலில் கட்டிய பூட்ஸ். நடக்கப் போகிறோம் என்பது இவனுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று காக்கா என் காதில் கேட்டார்.

விடிகிற நேரத்தில் லாஞ்சு கரைக்குப் போகாமலே நின்றது. லாஞ்சை ஓட்டிவந்த தலைவர், நாகுதா, எங்களை இறங்கச் சொன்னார். கழுத்தளவு தண்ணீர். எல்லோரும் கூட்டமாகப் போனால் கண்ணில் படும் என்று ஆட்களைப் பிரித்துவிட்டார். தமிழ் பேசுகிறவர்கள் என்று எங்கள் மூவரை ஒன்றாகச் சேர்த்ததும் அவர்தான்.

இறங்கும் முன் அவர் கையை நீட்டி மலையைக் காட்டினார். ரெண்டு கொம்பு தெரிகிறதா, அந்தக் கொம்புக்கு நடுவில் உள்ள பள்ளத்தைப் பார்த்தே நடங்கள், சாயங்காலத்துக்குள் மசாஃபி என்கிற ஊர் வந்துவிடும், அங்கே துபாய் போகிற வண்டி கிடைக்கும் என்றார். பாதி இந்தி, பாதி மலையாளம். எங்களுக்குப் புரியாத பாதியைப் பால்ராஜ்தான் சொன்னான். அவன் சொன்னது சரிதானா என்று பார்க்க எங்களுக்கு வழி இல்லை.

தண்ணீர் கேன் என் தோளுக்கு வந்தது. யார் தூக்குவது என்று பேச்சு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் வந்தது. மஞ்சள் நிறக் கேன். முன்னால் அதில் சமையல் எண்ணெய் இருந்திருக்க வேண்டும். தண்ணீரில் அந்த வாடை அடித்தது.

திரும்பிப் பார்க்கிறவன்

நடக்க ஆரம்பித்ததும் காக்கா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பால்ராஜ் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தான். எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, வந்த வழியைப் பார்த்தான். வளைவு வந்தால் பார்த்தான். பெரிய பாறையைத் தாண்டினால் பார்த்தான்.

காக்கா குரலைத் தாழ்த்தி, "அவன் யாருக்கோ ஜாடை காட்டுறான் தம்பி. நம்மளப் பிடிச்சிக் குடுக்கத்தான் கூட்டிட்டுப் போறான்," என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. துபாய்க்குப் போகிறவனுக்கு முன்னால் அல்லவா பார்வை இருக்க வேண்டும்? பின்னால் கடலைத் தவிர என்ன இருக்கிறது? அதன் பிறகு நானும் அவன் திரும்பும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். கல்லையும் வெயிலையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

எங்கள் ஊர் மினாரா

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கொம்பு காணாமல் போனதற்கு நாங்கள் ஏன் அப்படிப் பதறினோம் என்பது விளங்கும்.

எங்கள் ஊர் தட்டையான ஊர். தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. மணல், பனை, உப்பு. மலை என்பதை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். வெளியூர் போய்த் திரும்பும்போது எங்களுக்கு அடையாளம் பள்ளிவாசல் மினாராதான். அதைக் கிழக்கே நின்று பார்த்தாலும் மேற்கே நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி. படகில் இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. அடையாளம் என்றால் மாறாமல் நிற்க வேண்டும், மாறினால் அது அடையாளமே இல்லை என்றுதான் எங்கள் புத்தியில் பதிந்திருந்தது.

அப்படிப்பட்டவர்களிடம் ஒரு மலையைக் காட்டி, ரெண்டு கொம்பைப் பார்த்து நட என்றால், நாங்கள் ரெண்டு கொம்பைத்தான் தேடுவோம். ஒன்று குறைந்தால், யாரோ நம்மை வேறு மலைக்குக் கூட்டிவந்துவிட்டான் என்றுதான் நினைப்போம்.

மூன்று பேர், ஒரு கேன்

காக்கா பால்ராஜைக் கேட்டார். ரெண்டு கொம்பு எங்கே என்றார்.

பால்ராஜ் சாதாரணமாகச் சொன்னான், "அதே மலதான் பாய். ஒண்ணு பொறத்தால ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."

"மல ஒளியுமா? நீ என்ன எங்களப் பச்சப் புள்ளைங்கன்னு நெனச்சியா?"

"நாம வழி திரும்பிட்டம்லா. நாம திரும்பினா மலையும் திரும்பும், பாத்துக்கிடுங்க."

காக்கா என்னைப் பார்த்தார். கேட்டியா, மலை திரும்புமாம் என்கிற பார்வை. பிறகு அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். பூட்ஸ், பாய்மர நிழல், மலையாளம், கடைசியாகத் திரும்பிப் பார்க்கிற விஷயம்.

பால்ராஜ் முதல் தடவையாகக் கோபப்பட்டான். எங்கள் ஊரில் மலைக்கு விறகெடுக்கப் போகிறவன் எல்லாம் அப்படித்தான் பார்ப்பான் என்றான். போகும்போது பார்க்கிற வழி வேறு, வரும்போது பார்க்கிற வழி வேறு, திரும்பிப் பார்த்து வைக்காதவன் வீடு வந்து சேர மாட்டான் என்றான்.

"நீ எதுக்கு வார வழியப் பாக்கணும்? நாம திரும்பியா வரப்போறோம்?" என்று காக்கா மடக்கினார்.

"வழக்கம் பாய். கழுத்து தானாத் திரும்புது. நான் என்ன செய்ய?"

காக்கா நம்பவில்லை. கரைக்குத் திரும்பலாம் என்றார். கரையில் காவல்காரர்கள் கண்ணில் பட்டால் ஊருக்கே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் உயிர் இருக்கும் என்றார். பால்ராஜ் முன்னால்தான் போவேன் என்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தார்கள். கேனில் பாதிக்கும் கீழே தண்ணீர். அதைப் பங்கு போட வேறு பாத்திரம் கிடையாது. கேன் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மூன்று பேரும் போக முடியும்.

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என் முடிவுக்காகக் காத்திருந்தது இல்லை. வீட்டில் என் கல்யாணத்துக்கே என்னைக் கேட்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகமா கூச்சமா தெரியாது.

காக்கா ஊர்க்காரர், எனக்கு மூத்தவர். பால்ராஜ் யாரென்றே தெரியாது. காக்கா பேச்சைக் கேட்பதுதான் முறை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் காக்காவின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. இவர் கிளாஸையும் நம்பவில்லை, செருப்பையும் நம்பவில்லை. இவர் சந்தேகப்படுவதால் மட்டும் ஒன்று தப்பாகிவிடுமா?

கேனைத் தோளில் இருந்து இறக்காமல் வாதியின் ஓரத்துச் சரிவில் ஏறினேன். சரளைக் கல். ஓர் அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. கீழே இருந்து காக்கா தண்ணீரைக் கொட்டிவிடாதே என்று கத்தினார். அவர் கவலை அது. கொஞ்ச தூரம் ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒற்றைக் கொம்பின் தோளுக்குப் பின்னால் இன்னொரு முனை எட்டிப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் நிற்கிறவரின் மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

இறங்கி வந்து சொன்னேன். காக்கா, "அது வேற மலையா இருக்கும்," என்றார். பால்ராஜ் நான்தான் சொன்னேனே என்று ஆரம்பித்தான். நான் மேற்கே பார்த்து நடந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ரப்பர் செருப்புச் சத்தமும் கேட்டது.

ஆசிரியர் கேட்ட மனவலிமை இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தைரியம் ஒன்றும் வரவில்லை. பால்ராஜ் நல்லவன் என்ற நம்பிக்கையும் வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது துப்பாக்கியோடு நிற்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நடக்க முடிந்தது. சந்தேகம் தீர்ந்த பிறகுதான் நடக்க வேண்டும் என்று காத்திருந்தால் நான் இன்றைக்கும் அந்த வாதியில்தான் எலும்பாகக் கிடப்பேன்.

கோடாரிக் கிழவர்

வெயில் சாய்ந்தபோது கொஞ்சம் பேரீச்சை மரங்கள் தெரிந்தன. அருகில் ஒரு கழுதை. அதன் பக்கத்தில் ஒரு கிழவர். அவர் கையில் நீளக் கைத்தடி, அதன் தலையில் விரல் நீளத்துக்குச் சின்னக் கோடாரி. அந்த மலைக்காரர்கள் எல்லோரும் அப்படி ஒரு தடி வைத்திருப்பார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது காக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கோடாரி வச்சிருக்கான் பாரு. இவன்கிட்டத்தான் கூட்டிட்டு வந்திருக்கான்."

கிழவர் சலாம் சொன்னார். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, காக்காவும் சொன்னார். கிழவர் தோல்பையில் இருந்த தண்ணீரைத் தகரக் குவளையில் ஊற்றி நீட்டினார். எங்கள் கேன் அப்போது காலி. உதடு வெடித்திருந்தது. ஆனாலும் காக்கா குவளையை வாங்காமல், நீ முதலில் குடி என்று கையால் காட்டினார். கிழவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தாடியைத் துடைத்துக்கொண்டு, குவளையை மறுபடி நீட்டினார். காக்கா வாங்கிக் குடித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அரபி எங்களுக்குத் தெரியாது. கிழவருக்கு வேறு பாஷை தெரியாது. நான் மலையைக் காட்டி, இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கி, கையை விரித்தேன். ஒன்று எங்கே போனது என்று கேட்டதாக அர்த்தம்.

கிழவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். பல் அதிகம் இல்லை. தன் இரண்டு விரலை என் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தார். பிறகு மணிக்கட்டை மெதுவாகத் திருப்பினார். ஒரு விரல் மற்றொன்றுக்குப் பின்னால் போய் மறைந்தது. கையை மறுபடி திருப்பினார், இரண்டும் தெரிந்தன. விரலைத் திருப்பிக் காட்டிவிட்டு, எங்கள் கால்களைக் கோடாரித் தடியால் தொட்டுக் காட்டினார். நடந்தது நீங்கள் என்கிற மாதிரி.

பால்ராஜ் ஒரு கல்லில் உட்கார்ந்தான். நான்தான் சொன்னேனே என்று இந்தத் தடவை சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றினான். குதிகால் இரண்டும் தோலுரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அந்தப் பூட்ஸ் அவனுக்கு அளவில்லாதது, யாரோ போட்டுக் கழித்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

கிழவர் கை காட்டிய திசையில் போனோம். மசாஃபி வந்தது. லாரி கிடைத்தது. லாரியில் ஏறி உட்கார்ந்ததும் காக்கா என் காதில், "அந்தக் கெழவனும் இவன் ஆளுதான்," என்றார்.

போன மாதம்

பிறகு எல்லோருக்கும் தங்குவதற்கான தாள்கள் கிடைத்து, பொறுப்பேற்கிற அரபி முதலாளி, அதாவது கஃபீல் கிடைத்து, வேலை கிடைத்தது. நானும் காக்காவும் தேராவில் ஒரே மளிகைக் கடையில் இருக்கிறோம். பால்ராஜ் ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் டிரைவர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ரூமுக்குச் சாப்பிட வருவான். காக்கா அவனுக்கு மீன் துண்டு பெரிதாகப் போடுவார். அவன் போன பிறகு, இவன் ஏன் ஒவ்வொரு வாரமும் வருகிறான் என்று என்னைக் கேட்பார்.

இப்போது அந்த மலைகளுக்கு நடுவே தார் ரோடு வந்துவிட்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பால்ராஜ் ஒரு பிக்கப் கொண்டுவந்து, வாங்க பாய், நம்ம மலையப் பாத்துட்டு வரலாம் என்றான். காக்கா, நான் வரவில்லை என்றார். நாங்கள் கிளம்பியதும், நாங்கள் இருவர் மட்டும் எங்கே போகிறோம் என்று பார்க்க வேண்டியிருந்ததால் வந்து ஏறினார். முன்னால் உட்காரவில்லை. பின்தட்டில், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கடல் வரைக்கும் போனோம். நாங்கள் இறங்கிய இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் தலை நிமிர்ந்தபோது இரண்டு கொம்பு நின்றது. நான் காட்டினேன். காக்கா நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது அந்த மல இல்ல," என்றார்.

திரும்பும் வழியில் மலையைத் தாண்டிய பிறகு, நான் பால்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தேன். ரோடு வளைந்தது. கொம்புகள் நெருங்கின, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நுழைந்தது. ஒற்றைக் கொம்பாயிற்று. அடுத்த வளைவில் மறுபடி பிரிந்து இரண்டாயின. பின்தட்டில் காக்கா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. தலை மட்டும் மலையோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

திடீரென்று கூரையில் தட்டினார். பால்ராஜ் வண்டியை ஓரம் கட்டினான். உடம்புக்கு ஏதோ என்று நான் பயந்து இறங்கி ஓடினேன்.

"வண்டியத் திருப்பச் சொல்லு," என்றார்.

"எதுக்கு காக்கா?"

"அந்த வளைவு வரைக்கும் போயி இன்னொரு தடவ வரட்டும். எனக்கு இன்னும் நம்பிக்க வரல."

பால்ராஜ் வண்டியைத் திருப்பினான். அந்த வளைவுக்கு எத்தனை தடவை போய் வந்தோம் என்று நான் எண்ணவில்லை. கடைசித் தடவை காக்கா கூரையில் தட்டவில்லை.

ரூமுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது, எழுதிக்கொள், பெயரை மட்டும் மாற்று என்றார். அதற்குப் பிறகும் என் கை ஓடவில்லை. இன்றைக்குத்தான் ஓடியது.

ஷஃபான் பிறை பார்த்த மறுநாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. தேரா, துபாய்.